பாலுக்குப் பதில் ஈரத்துணி

மருத்துவிச்சி வீட்டுக்கு வந்தால் பாய் விரித்து வெற்றிலை வட்டாவை நீட்டுவார்கள். சாகப் போகிறவரைப் பார்க்க வரும் தாதியைக் கண்டு குரைக்கிற நாயைக்கூட யாரும் அதட்டமாட்டார்கள். இந்த உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. வீட்டில் ஒருவரை மாதக்கணக்காகப் படுக்கையில் வைத்துப் பார்த்தவர்களே, நீங்களும் என் கட்சிதான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அறுபதுகளில் மட்டக்களப்பு வாவியோரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் தாதி. என் பெயர் ஊரில் எவருக்கும் தெரியாது, எல்லாருக்கும் நான் ‘மிஸி’தான். வைத்தியம் முடிந்து இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆனவர்களுக்குத் துண்டு வெட்டி, அதாவது ஆஸ்பத்திரிக் கணக்கிலிருந்து பெயரை எடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். வெளியே இறந்தவரின் உடலை எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் எடுப்பதில்லை, ஆகவே வீட்டாரும் கூட்டிப் போக அவசரப்படுவார்கள். பத்து நாளில் அதே ஆள் மாட்டுவண்டியில் திரும்பி வருவார். முதுகெல்லாம் படுக்கைப் புண், நெஞ்சுக்குள் பால். கடைசி நேரம் வந்துவிட்டது என்று நினைத்தால் உறவினர் ஒவ்வொருவராக வந்து வாயில் ஒரு கரண்டி பால் விடுவது முறை. விழுங்கமுடியாதவருக்கு அது எங்கே போகும்? மூச்சுக்குழாய்க்குள் போகும். அவர் கண் பிதுங்கித் திணறும்போது “உயிர் பிரியுது” என்று எல்லாரும் அழுவார்கள்.

எங்கள் பெரிய டொக்டர் அதிகம் பேசாத மனிதர். அப்படித் திரும்பி வந்த ஒருவரின் கட்டிலருகே நின்று ஒரு நாள் சொன்னார்: “அனுப்பினது பிழையில்ல மிஸி. ஒண்டும் சொல்லிக் குடுக்காம அனுப்பினதுதான் பிழை.” அடுத்த புதன்கிழமையே என்னைக் கிரான் என்ற ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டார். வாரம் ஒரு வகுப்பு. பாடங்கள் மூன்றுதான். நோயாளியை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். வாய்க்குள் எதையும் ஊற்றாமல் ஈரத்துணியால் உதட்டை நனைக்க வேண்டும். பொய் சொல்லக்கூடாது.

சாறன் உடுத்த தலையணை

கிரானின் ஊர்த்தலைவரான விதானையார் நல்ல மனிதர். கேட்டதும் கூட்டுறவுச் சங்கக்கடை விறாந்தையை ஒதுக்கித் தந்தார். ஆனால் ஊருக்கு அறிவித்த விதம்தான் வினையாகிவிட்டது. ‘சாகப் போறவங்களப் பாக்கிற வகுப்பு’ என்று சொல்லியனுப்பியிருக்கிறார். முதல் புதன் வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் விதானையார், மற்றவர் கடையைப் பூட்டிவிட்டுப் போகமுடியாத மனேச்சர். அடுத்த வாரம் ‘நோயாளர் பராமரிப்பு’ என்று பெயரை மாற்றினோம். பதினொரு பெண்கள் வந்தார்கள்.

வகுப்பென்றால் நோயாளியாகப் படுக்க ஓர் ஆள் வேண்டுமே. பெண்கள் யாரும் சம்மதிக்கவில்லை. மனேச்சர் கலியாணமாகாத வாட்டசாட்டமான ஆள்; வெட்கப்பட்டுக்கொண்டே பாயில் படுத்துக் கண்ணை மூடினார். சுற்றிப் பெண்கள் குந்தியிருக்க, நான் ஈரத்துணியை அவருடைய உதட்டில் வைத்த நேரம் பார்த்துத் தேங்காயெண்ணெய் வாங்க அவருடைய அம்மா வந்துவிட்டார். போத்தல் கீழே விழுந்து உடைந்தது. மகனைத் தோளில் பிடித்துத் தூக்கி நிறுத்தி, தலையிலிருந்து கால்வரை மூன்று முறை தடவி வெளியே துப்பினார். அடுத்த வாரத்திலிருந்து சாறன் உடுத்த நீளத் தலையணை ஒன்றை வைத்துத்தான் பாடம் நடந்தது. அந்தத் தாய் அன்று என்னைப் பார்த்துச் சொன்னது இது: “படிப்பிக்கிறதெண்டா உங்கட ஆசுபத்திரிப் பிணத்த வெச்சுப் படிப்பிங்க. கலியாணம் பேசி வெச்சிருக்கிற புள்ளைல படிப்பிக்க வேணாம்.”

தலையணையை விலக்கியவர்

இரண்டு மாதம் போயிருக்கும். விறாந்தையின் ஓரத்தில் ஓர் ஆண் வந்து உட்கார்ந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தாடையைச் சுற்றித் துவாய் கட்டியிருந்தார். பல் வலியாக்கும் என்று நினைத்தேன். பாடம் தொடங்கியதும் எழுந்து வந்து, தலையணையை மெதுவாக ஒரு பக்கம் தள்ளிவிட்டு, அதன் இடத்தில் படுத்துக்கொண்டார். துவாயை அவிழ்த்தபோதுதான் கண்டேன். கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வந்திருந்தது புற்று. கொழும்பு வரை போய், அங்கேயும் கைவிட்டு அனுப்பியிருந்தார்கள். பெயர் கணவதிப்பிள்ளை. கிரான் வட்டையில் வயல் செய்கிறவர்.

பெண்களில் ஒருவரும் அசையவில்லை. தலையணையைப் புரட்டிப் பழகிய கைகள் மனிதரைத் தொடக் கூசின. நான் தனியே அவரைப் பக்கம் மாற்றிக் காட்டினேன். பிறகு ஒரு பெண் வந்தாள், பிறகு இன்னொருத்தி. முடிந்ததும் அவர் எழுந்து உட்கார்ந்து துவாயைத் திரும்பக் கட்டினார். ஏன் ஐயா வந்தீர்கள் என்று கேட்டேன். பேச்சு தெளிவில்லாமல்தான் வந்தது, ஆனால் விறாந்தை முழுவதும் கேட்டது: “எங்கட அப்பாக்குப் பதினேழு பேர் பால் குடுத்தாங்க. பதினெட்டாவது ஆள் நான். நான் கரண்டிய வெக்கக்குள்ள அவர் என்னப் பாத்தார் மிஸி. எனக்கு அது வேணாம். என்னப் பாக்கப் போற ஆக்களுக்கு நீங்க எல்லாத்தையும் வடிவாச் சொல்லிக் குடுங்க.”

அன்றிலிருந்து எனக்கு அந்த வகுப்பில் ஒரே ஒரு நோக்கம்தான் இருந்தது. கணவதிப்பிள்ளையார் தன் வீட்டில், மூச்சுத் திணறாமல் போகவேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

மணிக்கூடு

‘இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா’ என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது. ஒருத்தி வீட்டிலும் மணிக்கூடு கிடையாது. நிழலைப் பார்க்கலாம் என்றாள் ஒருத்தி. மாரியில் நிழலுக்கு எங்கே போவது என்றாள் மற்றவள். கடைசியில் ஒரு நடுத்தர வயதுப் பெண் வழி கண்டுபிடித்தாள். ஒரு வாய் வெற்றிலை போட்டு, மென்று, துப்பி, அடுத்த வாய்க்குக் கை போகும் வரை ஒரு மணித்தியாலம். ஆகவே இரண்டு வாய் வெற்றிலைக்கு ஒருமுறை நோயாளியைக் கிறுக்கி, பக்கம் மாற்றிப் படுக்க வைத்தால் கணக்குச் சரி. எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ‘கெட்டிக்காரி’ என்று பாராட்டிவிட்டேன்.

பாராட்டிய பிறகுதான் ஓரத்தில் இருந்த கணவதிப்பிள்ளையாரின் நினைவு வந்தது. வெற்றிலையும் புகையிலையும்தான் அவருக்கு இதைக் கொடுத்தது என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். அவர் கோபப்படவில்லை. துவாயைச் சற்று இறக்கிவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்து, “அந்த மணிக்கூட்டத்தான் மனே, நான் நாப்பது வருசமா வாய்க்குள்ள வெச்சிருந்தன்” என்றார்.

மறைப்புக்குப் பின்னால்

ஊருக்குச் சொல்லிக்கொடுத்தால் போதுமா, ஆஸ்பத்திரி வாட்டிலும் வகுப்பு வையுங்கள் என்றார் பெரிய டொக்டர். நியாயமான பேச்சு. எங்கள் வாட்டில் சாகிறவருக்கென்று ஒரு கட்டில் உண்டு. வாசலுக்குத் தூரமான மூலையில் அது கிடக்கும். நிலைமை மோசமானதும் அங்கே மாற்றி, பச்சைத் துணி மறைப்பை இழுத்துவிடுவோம். அதன் பிறகு டொக்டர்மாரின் காலைச் சுற்று அதற்கு முந்திய கட்டிலோடு முடிந்துவிடும். தாதிமாரும் அந்த இடத்தைக் கடக்கும்போது வேகமாக நடப்போம். நானும் நடந்திருக்கிறேன், பல வருடம்.

கணவதிப்பிள்ளையாருக்கு இரத்தம் போய் ஆறு நாள் வாட்டில் வைத்திருந்தோம். மறைப்பை இழுத்தால் காலால் தள்ளித் திறந்துவிடுவார். அந்த வாரம்தான் வாட்டு வகுப்பில் நான் சொல்லியிருந்தேன், நோயாளியின் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்காருங்கள், கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள் என்று. புதிதாக வந்திருந்த சின்ன டொக்டர் நல்ல பிள்ளை. சொன்னபடியே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், நாடி பிடித்தார், ஐந்து நிமிடம் இருந்தார். கடைசியில் எதிர்ச் சுவரைப் பார்த்து, “பயப்பட ஒண்டும் இல்ல ஐயா, சுகமாகும்” என்று சொல்லிவிட்டு எழுந்தார். கணவதிப்பிள்ளையார் அவர் கையை விடவில்லை: “தம்பி, நீங்க என்னப் பாத்துச் சொல்லல்ல, சுவரப் பாத்துத்தான் சொன்னீங்க. சுவருக்குச் சுகம்தான்.”

பழக்கம்

அவருக்கு நோவு மருந்தை வீட்டுக்கே கொடுத்தனுப்பப் பெரிய டொக்டர் எழுதினார். மருந்து அலுமாரித் திறப்புக் கொத்து எங்கள் மூத்த தாதியிடம் இருந்தது. கடுமையான மருந்து, கேட்டுக் கேட்டுப் பழக்கமாகிவிடும், பிறகு நாம் பதில் சொல்ல வேண்டும் என்று திறப்பை இடுப்பிலிருந்து எடுக்க மறுத்துவிட்டார். அவரும் கெட்டவரல்ல. எங்களுக்கெல்லாம் அப்படித்தான் படிப்பித்திருந்தார்கள். நான் நியாயம் பேசிக் களைத்துவிட்டேன். வாட்டைக் கழுவிக்கொண்டிருந்த மரியாள் என்ற வேலைக்காரி தும்புத்தடியை நிறுத்திவிட்டு ஒரு வசனம்தான் பேசினாள், திறப்பு வந்துவிட்டது. “நாளைக்குச் சாகப் போற மனிசன் நாளையிண்டைக்குப் பழகினா எங்களுக்கென்ன மிஸி?”

புதன்கிழமை உப்பு

அவருடைய மனைவி பூமணி ஒரு வகுப்புக்கும் வந்ததில்லை. நான் ‘அவர் எப்படி இருக்கிறார்’ என்று கேட்டால், ‘அம்மனுக்கு நேத்தி வெச்சிருக்கு, சுகமாகும்’ என்பாள். எனக்கு அது கவலையாக இருந்தது. மற்றப் பெண்கள் எவ்வளவு படித்து என்ன, கடைசி நேரத்தில் தலைமாட்டில் இருக்கப் போகிறவள் அவள்தானே. அவரும் என்னிடம் கேட்டுக்கொண்டார், தன்னால் சொல்லமுடியவில்லை, நீங்களே வந்து சொல்லுங்கள் என்று.

பொய் சொல்லக்கூடாது என்று ஊருக்குப் படிப்பிக்கிறவள், அந்த வீட்டு முற்றத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்ததைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தேன். பூமணி அழவில்லை. உள்ளே போய் ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். கழுத்து வரைக்கும் உப்பு. வீட்டுக்குள் இன்னும் இரண்டு பானை இருந்தன. வகுப்புக்கு வரும் நாளெல்லாம் கணவதிப்பிள்ளையார் சங்கக்கடைக்கு உப்பு வாங்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். பொய் பலிக்க வேண்டும் என்று வாங்கியும் வந்திருக்கிறார்.

அன்று பின்னேரம் அவரே அவளுக்குப் படிப்பித்தார். துணியை எப்படி நனைப்பது, எப்படிப் பிழிவது, எந்தப் பக்கம் கிறுக்குவது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். எவர் வந்தாலும் கரண்டியைக் கிட்ட விடாதே என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். நான் வாசலில் நின்று பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. விடைபெறும்போது பூமணி சொன்னாள்: “எனக்கு எப்பவோ தெரியும் மிஸி. புதனுக்குப் புதன் உப்பு வாங்கப் போற மனிசன நான் இதுக்கு முந்திக் கண்டதில்ல.”

அக்காவின் செம்பு

எங்கள் பகுதி வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கலியாணம் முடித்த ஆண் பெண்டாட்டியின் வீட்டில்தான் குடியிருப்பான். ஆனால் அவன் தாயின் குடியைச் சேர்ந்தவன்; பெண்டாட்டியும் பிள்ளைகளும் வேறு குடி. அதனால் அவன் சாகக் கிடக்கும்போது தாய்வீட்டார் உரிமையோடு வருவார்கள். முதல் பால் அவர்கள் கையால் போகவேண்டும். அது வெறும் சடங்கல்ல, ‘இவன் எங்கள் ஆள்’ என்று சொல்வதற்கு அவர்களுக்கு இருக்கிற கடைசிச் சந்தர்ப்பம். இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அதை நான் பாடத்தில் சேர்க்கவில்லை.

ஒரு புதன் பகல் வகுப்பின் நடுவில் விதானையார் வந்து கூப்பிட்டார். நான் போனபோது வாழைச்சேனையிலிருந்து கணவதிப்பிள்ளையாரின் அக்கா தெய்வானை வந்திருந்தார். பின்னால் அவர்களுடைய குடியார் பத்துப் பதினைந்து பேர். தெய்வானையின் கையில் பித்தளைச் செம்பும் கரண்டியும். கட்டிலின் தலைமாட்டில் பூமணி இருந்து துணியால் உதட்டை ஒற்றிக்கொண்டிருந்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தெய்வானை அவளிடம் மன்றாடினார்: “ஒள்ளம் விடு மச்சாள். ஒரு கரண்டி. நான் தூக்கி வளத்த புள்ள.” பூமணி தலையை மட்டும் ஆட்டினாள். தெய்வானை என் பக்கம் திரும்பி, “மிஸி, நீங்க படிச்ச ஆள். ஒரு கரண்டிக்கு என்ன வரப் போகுது? சொல்லுங்க அவவுக்கு” என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாட்டில் பேசுகிற குரலில், “ஒரு சொட்டும் குடுக்கக் கூடாது. எல்லாரும் அங்கால நில்லுங்க” என்றேன். நின்றார்கள். அரைமணி நேரத்தில் அவர் போய்விட்டார். திணறல் இல்லை, ஓர் இருமல் இல்லை. மூச்சு நீண்டு நீண்டு வந்து, ஒரு முறை வெளியே போனது திரும்பி வரவில்லை. அவர் கேட்டது அவருக்குக் கிடைத்தது. அந்த நேரம் எனக்குள் ஒரு பெருமை வந்தது. அதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. தெய்வானை செம்பைப் பூமணியின் காலடியில் வைத்தார், பால் சிந்தாமல். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னார்: “என்ட தம்பியத் தாகத்தோட அனுப்பிட்டா. இந்தக் கடப்பு வாசலால இனி எங்கட குடியில ஒரு கால் வராது.”

மாற்றிய பாடம்

வரவில்லை. முப்பத்தோராம் நாள் சடங்குக்குப் போனேன். கணவதிப்பிள்ளையாரின் பக்கத்தில் ஒருவரும் இல்லை. சோறு கறி மிஞ்சிக் கிடந்தது. பூமணியின் மகளுக்கு மாமி வீட்டில் பேசி வைத்திருந்த சம்பந்தமும் அத்தோடு நின்றுபோனதாக விதானையார் காதோடு சொன்னார். மாப்பிள்ளை தெய்வானையின் மகன். கிணற்றடியில், சந்தையில், கோயிலில் பூமணிக்கு இப்போது ‘தாகத்தோட அனுப்பினவ’ என்று பெயர். நான் தெய்வானையிடம் இரண்டு முறை வாழைச்சேனைக்குப் போய்ப் பேசிப் பார்த்தேன். அவர் எனக்குத் தேத்தண்ணி தந்தார், மரியாதையாகப் பேசினார், பூமணியின் பேச்சை எடுத்தால் எழுந்து உள்ளே போய்விட்டார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்தேன். எங்கள் ஊரான தன்னாமுனையில் நாங்கள் கத்தோலிக்கர்; சாகிறவருக்குப் பாதிரியார் எண்ணெய் பூசுவார், நாங்கள் தீர்த்தத்தால் நெற்றியில் சிலுவை போடுவோம். அந்த ஒரு சொட்டை எவராவது தடுத்திருந்தால் நான் மன்னித்திருப்பேனா? பெரிய டொக்டரிடம் சொன்னேன், பாடத்தை மாற்றப் போகிறேன் என்று. அவர் ‘செய்யுங்கோ’ என்றார்.

அடுத்த புதன் விறாந்தையில் புதுப் பாடம். துணியைத் தண்ணீரில் நனைக்க வேண்டாம், உறவினர் கொண்டுவந்த பாலிலேயே நனையுங்கள். நன்றாகப் பிழிந்துவிட்டு, வந்தவர் ஒவ்வொருவரும் தன் கையால் ஒருமுறை உதட்டைத் தொடட்டும். நோயாளிக்கு இறங்காது, கொடுத்தவருக்குக் குறை இல்லை. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். இவ்வளவுதானா என்பது போல இருந்தது. அப்போதுதான் கவனித்தேன், பின்வரிசையில் வெள்ளைச் சேலையோடு பூமணி. அவள் வந்த முதல் வகுப்பு அது. முடியும்வரை இருந்தாள். எல்லாரும் போன பிறகு எழுந்து வந்து, நான் பிழிந்து வைத்திருந்த துணியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். “இத ரெண்டு மாசத்துக்கு முந்திச் சொல்லியிருந்தா எனக்கு ஒரு மச்சாள் மிஞ்சியிருப்பா, மிஸி.”

நான் ஓய்வு பெற்ற நாளில் ‘ஊருக்கெல்லாம் படிப்பித்த மிஸி’ என்று மேடையில் ஏற்றி மாலை போட்டார்கள். நானும், கூட்டத்தில் பூமணி இல்லை என்பதை நன்றாகப் பார்த்துக்கொண்ட பிறகுதான் தலை குனிந்து கழுத்தைக் கொடுத்தேன்.